இக்பாலைப் புதிதாக வாசிக்கப் போகிறவர்களுக்கு

ஜனவரி 29 மாலை டெல்லியில் படைகள் பாசறை திரும்பும் நிகழ்ச்சியில் 'ஸாரே ஜஹான் சே அச்சா' மெட்டு ஒலிக்கும். அந்தப் பாட்டை எழுதிய முகமது இக்பால் பாகிஸ்தானின் தேசியக் கவிஞர். அவருடைய பிறந்தநாளான நவம்பர் 9 அங்கே இக்பால் தினம். ஈரானில் அவர் 'இக்பால் லாஹூரி'. எகிப்தின் உம்மு குல்தூம் பாடிய 'ஹதீஸ் அர்-ரூஹ்' அவருடைய உருதுக் கவிதையின் அரபு வடிவம். ஜெர்மனியின் ஹைடல்பர்க்கில் நெக்கார் ஆற்றங்கரைச் சாலை ஒன்று அவர் பெயரில் இருக்கிறது.

இத்தனை பேர் சொந்தம் கொண்டாடும் ஒருவரைப் புதிதாகப் படிக்க வருகிறவருக்கு வரும் சிக்கல் என்னவென்றால், எந்த இக்பாலைக் கேட்டாலும் கிடைப்பார். இந்திய தேசியவாதி வேண்டுமா, இருக்கிறார். பாகிஸ்தானுக்கு வித்திட்டவர் வேண்டுமா, அவரும் இருக்கிறார். இறைவனோடு சண்டை போடுகிறவர், லெனினைக் கடவுள் முன் நிறுத்திப் பேசவிட்டவர், ராமரைப் புகழ்ந்தவர் எல்லோரும் இருக்கிறார்கள். யாரோ அனுப்பிய இரண்டு வரியை வைத்துக்கொண்டு "இவர் இப்படித்தான்" என்று முடிவுகட்டினால், அடுத்த வாரமே வேறு இரண்டு வரி வந்து அதைக் கவிழ்த்துவிடும்.

அதனால் என் முதல் ஆலோசனை ரொம்பச் சாதாரணமானது. எந்தக் கவிதையைப் படித்தாலும் முதலில் அது எந்த ஆண்டு எழுதப்பட்டது என்று பாருங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

1. ஒரு தாளில் பத்து ஆண்டுகளை எழுதிக்கொள்ளுங்கள்

பெரிய வாழ்க்கை வரலாறு எதுவும் இப்போது வேண்டாம். இவ்வளவு போதும்.

1877 – பஞ்சாபின் சியால்கோட்டில் பிறப்பு.
1904 – 'ஸாரே ஜஹான் சே அச்சா'.
1905 முதல் 1908 வரை – ஐரோப்பா.
1915 – 'அஸ்ரார்-எ-குதி', பாரசீகத்தில் முதல் நூல்.
1924 – 'பாங்-எ-தரா', முதல் உருதுத் தொகுப்பு.
1929 – மதராஸ் பயணம்.
1930 – அலகாபாத் உரை.
1932 – 'ஜாவீத் நாமா'.
1935 – 'பால்-எ-ஜிப்ரீல்'.
1938 ஏப்ரல் 21 – லாகூரில் மரணம்.

கடைசி வரிக்குப் பக்கத்தில் 1947 என்று எழுதி ஒரு கோடு போட்டுவையுங்கள். பிரிவினை நடந்தபோது அவர் இறந்து ஒன்பது வருடம் ஆகிவிட்டது. இதை மறந்துவிட்டுப் பேசுகிறவர்கள் இரண்டு பக்கமும் நிறைய.

இந்தச் சட்டத்துக்குள் சில முகங்களைப் பொருத்திக்கொள்ளலாம். குடும்பம் காஷ்மீரப் பண்டிதர் மரபிலிருந்து இஸ்லாத்துக்கு வந்தது. அப்பா நூர் முகமது தையல் தொழில் செய்தவர். பள்ளிப் பருவத்தில் அரபும் பாரசீகமும் கற்பித்தவர் மீர் ஹசன். பின்னாளில் அரசு இக்பாலுக்கு 'சர்' பட்டம் கொடுத்தபோது, முதலில் என் ஆசிரியருக்குப் பட்டம் கொடுங்கள் என்றாராம். "அவர் என்ன புத்தகம் எழுதியிருக்கிறார்?" என்று கேட்டதற்கு, "அவர் எழுதிய புத்தகம் நான்தான்" என்று சொன்னதாக ஒரு கதை உண்டு. மீர் ஹசனுக்கு 'ஷம்ஸுல் உலமா' பட்டம் கிடைத்தது.

லாகூர் அரசுக் கல்லூரியில் தத்துவம் படித்து, அங்கிருந்து கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி, லண்டன் லிங்கன்ஸ் இன்னில் சட்டம், ம்யூனிக் பல்கலைக்கழகத்தில் பாரசீகத் தத்துவ வளர்ச்சி பற்றிய ஆய்வுக்கு முனைவர் பட்டம். திரும்பி வந்து வக்கீல் தொழில் பார்த்தார்.

2. மொழிக்குப் பயப்பட வேண்டாம்

இக்பாலின் கவிதைகளில் பாதிக்கு மேல் பாரசீகம். மிச்சம் உருது. தமிழ் மட்டும் தெரிந்தவர் என்ன செய்வது?

ரேக்தா இணையதளத்தில் உருதுக் கவிதைகளை உருது, தேவநாகரி, ரோமன் மூன்று எழுத்திலும் மாற்றிப் பார்க்கலாம். ஒரு சொல்லைத் தொட்டால் பொருள் வரும். கொஞ்சம் இந்தி கேட்டுப் பழகிய காது இருந்தால் முக்கால்வாசி இலக்கணம் ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது. இடறுவது பாரசீகச் சொல்தொடர்களில்தான். இரண்டு பெயர்ச்சொல்லுக்கு நடுவில் வரும் 'எ' என்ற ஒட்டு, பெரும்பாலும் நம்முடைய 'இன்' அல்லது 'உடைய'. ஆனால் வரிசை தலைகீழ். 'பால்-எ-ஜிப்ரீல்' என்றால் சிறகு-இன்-ஜிப்ரீல், அதாவது ஜிப்ரீல் என்ற வானவரின் சிறகு. இந்த ஒரு விதி தெரிந்தாலே பாதித் தலைப்புகள் புரிந்துவிடும்.

மொழிபெயர்ப்பை மட்டும் நம்பினால் இக்பால் ஒரு மேடைப் பேச்சாளர்போல் தெரிவார். மூலத்தைச் சத்தமாக ஒருமுறை கேட்டுவிட்டு, பிறகு பொருளைப் பாருங்கள். யூடியூபில் கவ்வாலிப் பாடகர்கள் பாடியது நிறையக் கிடைக்கும்.

3. முதல் கவிதை: மகனுக்குப் போட்ட பதில்

பலர் 'ஸாரே ஜஹான் சே' பாட்டில் தொடங்கச் சொல்வார்கள். நான் 'ஜாவீத் கே நாம்' கவிதையில் தொடங்கச் சொல்வேன். சின்னது, கதை இருக்கிறது, இக்பாலின் முழுச் சரக்கும் அதில் இருக்கிறது.

வட்டமேசை மாநாட்டுக்காக இக்பால் லண்டன் போயிருக்கிறார். லாகூரிலிருந்து மகன் ஜாவீத், ஏழெட்டு வயதுப் பையன், தன் கையால் முதல் கடிதம் எழுதுகிறான். வரும்போது கிராமபோன் வாங்கி வாருங்கள் என்று கேட்கிறான். அப்பாவிடமிருந்து கிராமபோன் வரவில்லை, கவிதை வந்தது.

தயார்-எ-இஷ்க் மே அப்னா மகாம் பைதா கர்
நயா ஸமானா, நயே ஸுப்ஹ்-ஓ-ஷாம் பைதா கர்

காதலின் தேசத்தில் உனக்கென ஓர் இடத்தை உண்டாக்கு. புதிய காலத்தை, புதிய காலை மாலைகளை உண்டாக்கு.

சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். 'பைதா கர்' (உண்டாக்கு) என்பது இரண்டு வரியின் முடிவிலும் அப்படியே வருகிறது. இதற்கு ரதீஃப் என்று பெயர். அதற்கு முன்னால் 'மகாம்', 'ஷாம்' என்று ஒலி ஒத்த சொற்கள். இதற்குக் காஃபியா என்று பெயர். முதல் ஈரடியில் இரண்டு வரியிலும் இது வரும். அப்புறம் ஒவ்வொரு ஈரடியிலும் இரண்டாம் வரியில் மட்டும் வரும். நாம் வரியின் தலையில் எதுகை கட்டுகிறோம், அவர்கள் வாலில் கட்டுகிறார்கள். குறள் படித்துப் பழகியவர்களுக்கு இரண்டு அடியில் ஒரு முழு விஷயம் முடிவது புதிதல்ல, அதனால் உருதுக் கவிதையின் 'ஷேர்' என்ற ஈரடி சீக்கிரம் கைவந்துவிடும்.

மூன்றாவது ஈரடிதான் பையனின் கிராமபோனுக்கு நேர் பதில்:

உட்டா ந ஷீஷாகரான்-எ-ஃபரங் கே எஹ்ஸான்
ஸிஃபால்-எ-ஹிந்த் சே மீனா-ஓ-ஜாம் பைதா கர்

ஐரோப்பியக் கண்ணாடிக்காரர்களின் தயவு உனக்கு வேண்டாம். இந்தியக் களிமண்ணிலிருந்தே உன் குடுவையையும் கிண்ணத்தையும் உண்டாக்கு.

கேட்ட பையன் பாவம்தான். ஆனால் ஆண்டைக் கவனியுங்கள். இக்பால் போன வட்டமேசை மாநாடுகள், வடமேற்கில் ஒரு முஸ்லிம் அரசு வேண்டும் என்று அவர் பேசிய அலகாபாத் உரைக்குப் பிறகு நடந்தவை. அந்த உரைக்குப் பிறகும் மகனுக்கு அவர் காட்டிய மண் 'ஹிந்த்' மண்தான்.

கடைசி ஈரடி: என் வழி செல்வந்தன் வழி அல்ல, ஃபகீரின் வழி, உன் 'குதி'யை விற்காதே, ஏழ்மையிலேயே பெயர் வாங்கு. இந்தச் சொல்லைத் தாண்டாமல் இக்பாலுக்குள் போக முடியாது.

4. 'குதி' என்ற சொல்லோடு கொஞ்ச நேரம் இருங்கள்

தமிழ் எழுத்தில் யாரையோ குதிக்கச் சொல்வதுபோல்தான் இருக்கிறது. பொருள் 'தான்' என்கிற நிலை. இக்பாலுக்கு முன்னால் பாரசீக, உருது மரபில் இது நல்ல சொல் அல்ல. அகந்தை, தற்பெருமை. சூஃபிகள் அழிக்கச் சொன்ன 'நான்' இதுதான். நமக்கும் இந்தக் குரல் பழக்கம்: 'நான்' செத்தால்தான் வழி பிறக்கும் என்று எத்தனை சித்தர்கள் பாடியிருக்கிறார்கள்! இக்பால் அந்தச் சொல்லை எடுத்துத் திருப்பிப் போட்டார். 'நான்' கரைய வேண்டியதில்லை, வலுவாக வேண்டும். துளி கடலில் கலந்து காணாமல் போவது சாதனை இல்லை, கடலுக்குள் இருந்துகொண்டே முத்தாவதுதான் சாதனை என்றார். ஆசையும் போராட்டமும் 'நானை' வளர்க்கும், பிச்சை கேட்பது அதைத் தேய்க்கும்.

இதைச் சொல்லத்தான் 1915இல் 'அஸ்ரார்-எ-குதி' எழுதினார். முதல் பதிப்பில் பாரசீக மகாகவி ஹாஃபிஸையே, படிக்கிறவனை மயக்கித் தூங்கவைக்கும் கவிஞன் என்று தாக்கியிருந்தார், கிரேக்கத் தத்துவஞானி பிளேட்டோவையும் விடவில்லை. எதிர்ப்பு பலமாக வந்தது. அடுத்த பதிப்பில் அந்த வரிகளை எடுத்துவிட்டார். பிளேட்டோவுக்கு மட்டும் யாரும் வக்காலத்து வாங்கவில்லை போலிருக்கிறது, அவரைப் பற்றிய ஏச்சு அப்படியே இருக்கிறது.

'குதி'யைத் தமிழில் எப்படிச் சொல்வது? 'ஆணவம்' என்றால் சைவ சித்தாந்தத்தின் மலங்களில் ஒன்று நினைவுக்கு வந்து காரியம் கெட்டுவிடும். 'சுயமரியாதை' என்றால் வேறொரு வரலாறு வந்து நிற்கும். நான் மொழிபெயர்க்காமல் 'குதி' என்றே வைத்துக்கொள்கிறேன். நீங்களும் அப்படியே வைத்துக்கொண்டு, வரும் இடங்களைப் பார்த்துப் பொருளைச் சேர்த்துக்கொண்டே போங்கள்.

எல்லோருக்கும் தெரிந்த ஈரடி இது:

குதி கோ கர் புலந்த் இத்னா கெ ஹர் தக்தீர் சே பஹலே
குதா பந்தே சே குத் பூச்சே, பதா தேரீ ரஸா க்யா ஹை

உன் குதியை அவ்வளவு உயர்த்து, ஒவ்வொரு விதியையும் எழுதுமுன் இறைவனே அடியானைப் பார்த்து, "சொல், உன் விருப்பம் என்ன?" என்று கேட்கட்டும். 'குதி' (தான்), 'குதா' (இறைவன்), 'குத்' (தானே) என்று மூன்று சொல்லும் ஒரே ஒலியில் உரசிக்கொள்கின்றன. மொழிபெயர்ப்பில் முதலில் செத்துப்போவது இந்த உரசல். 'உன்னால் முடியும் தம்பி' வகை வாசகமாக இதைப் பயிற்சி வகுப்புச் சுவர்களில் மாட்டுகிறார்கள். அதில் 'பந்தா', அதாவது அடியான், என்ற சொல் இருப்பதை மறந்துவிடுகிறார்கள். உயர்ந்த பிறகும் அவன் அடியான்தான்.

5. 'பாங்-எ-தரா'வை வரிசையாகப் படியுங்கள்

'வணிகக் கூட்டத்தின் மணியோசை' என்று பொருள். இக்பாலே இதை மூன்று பகுதியாகப் பிரித்திருக்கிறார்: 1905 வரை, 1905–1908, 1908க்குப் பின். ஆண்டைப் பார்த்துப் படி என்று நான் சொல்வதை ஆசிரியரே செய்துவைத்திருக்கிறார்.

முதல் பகுதியில் 'ஹிமாலா', இந்து–முஸ்லிம் ஒற்றுமையைப் பாடும் 'நயா ஷிவாலா', காயத்ரி மந்திரத்தின் உருது வடிவமான 'ஆஃப்தாப்', 'ஸாரே ஜஹான் சே அச்சா' எல்லாம் இருக்கின்றன. மூன்றாம் பகுதியில், அதே சந்தத்தில், 'சீனமும் அரபும் நமது, இந்துஸ்தானும் நமது. நாம் முஸ்லிம்கள், உலகமெல்லாம் நம் தாயகம்' என்று 1910இல் எழுதிய 'தரானா-எ-மில்லி' வருகிறது. நடுவில் ஐரோப்பா. அங்கே தேசியவாதம் என்ன செய்கிறது என்று பக்கத்திலிருந்து பார்த்துவிட்டு வந்தார். முதல் உலகப்போர் மூளுவதற்குச் சில ஆண்டுகள் முன்பு. நாடு என்பதைப் புதிய தெய்வங்களில் பெரிய தெய்வம் என்று மூன்றாம் பகுதியிலேயே ஒரு கவிதையில் கண்டிக்கிறார்.

சரி, ஒரே அடியாக மாறிவிட்டாரா என்றால் அதுவும் இல்லை. ராமரை 'இமாம்-எ-ஹிந்த்' (இந்தியாவின் தலைவர்) என்று அழைக்கும் கவிதையும், குரு நானக் பற்றிய கவிதையும் இதே மூன்றாம் பகுதியில்தான் இருக்கின்றன. கோட்டை நேராகப் போட முடியாத இடங்களில் போடாமல் விடுவதே நல்லது.

6. ஷிக்வாவையும் பதிலையும் ஒரே அமர்வில் படியுங்கள்

'ஷிக்வா' என்றால் முறையீடு. ஆறு ஆறு வரியாக 31 பத்திகள். உன் பெயரை உலகெங்கும் கொண்டுபோனவர்கள் நாங்கள், எங்களை ஏன் இப்படிக் கைவிட்டாய் என்று இறைவனிடம் நேரடிச் சண்டை. "நாங்கள் விசுவாசமாக இல்லை என்றால், நீ மட்டும் அன்பாக இருக்கிறாயா?" என்று ஓரிடத்தில் கேட்டே விடுகிறார். லாகூரில் அன்ஜுமன் ஹிமாயத்-எ-இஸ்லாம் என்ற முஸ்லிம் சங்கத்தின் கூட்டத்தில் அவரே வாசித்தார். கேட்டு அழுதவர்களும் உண்டு, முகம் சுளித்தவர்களும் உண்டு.

ஆரூர் இறைவனிடம் 'வாழ்ந்து போதீரே' என்று சுந்தரர் முறைத்ததைப் படித்தவர்களுக்கு இந்தத் தொனி பிடிபடும். உரிமை இருக்கிறவன் போடும் சண்டை இது.

ஆனால் ஷிக்வாவை மட்டும் படித்துவிட்டு நிறுத்தாதீர்கள். 1913இல் வந்த 'ஜவாப்-எ-ஷிக்வா'வில் இறைவன் பதில் சொல்கிறான், அந்தப் பதிலில் அடி முழுக்க முறையிட்டவர்களுக்குத்தான்.

7. பிறகு 'பால்-எ-ஜிப்ரீல்'

உருதுவில் இதுதான் அவருடைய உச்சம் என்பது என் கட்சி. 'மஸ்ஜித்-எ-குர்துபா' என்ற நீண்ட கவிதையை அவசரப்படாமல் படியுங்கள். 1933இல் ஸ்பெயின் போய், பல நூற்றாண்டுகளுக்கு முன்பே தேவாலயமாக்கப்பட்ட கோர்தோபா பள்ளிவாசலைப் பார்த்து எழுதியது. எல்லாம் அழியும், ஆனால் காதலோடு கட்டியதில் ஏதோ ஒன்று அழியாமல் நிற்கிறது என்கிறார்.

'லெனின் குதா கே ஹுஸூர் மே' கவிதையில் லெனின் கடவுள் முன் நின்று, தேவாலயங்களைவிட வங்கிக் கட்டடங்கள் உயர்ந்துவிட்டன என்று குற்றப்பத்திரிகை வாசிக்கிறார். சற்றுத் தள்ளி வானவர்களுக்கு இறைவனின் ஆணை வருகிறது: உழுதவனுக்குச் சோறு போடாத வயலின் கோதுமைக் கதிர் ஒவ்வொன்றையும் கொளுத்துங்கள்! பாரதியின் 'ஜகத்தினை அழித்திடுவோம்' பக்கத்தில் வைத்துப் படிக்கத் தோன்றும். படிக்கலாம்.

இதற்கடுத்த 'ஸர்ப்-எ-கலீம்' (1936) கறாரானது, கவிதையைவிடக் கருத்து தூக்கலாக இருக்கும். அதை ஆறப்போடலாம்.

8. உரைநடை: மதராஸிலிருந்து

இக்பாலின் முக்கியமான தத்துவ நூல், இஸ்லாத்தில் சமயச் சிந்தனையின் மறுசீரமைப்பு பற்றிய ஆங்கில உரைகள். இவை மதராஸ் முஸ்லிம் சங்கத்தின் அழைப்பால் பிறந்தவை. செலவை ஏற்றவர் தோல் வணிகர் ஜமால் முகமது. திருச்சியில் கல்லூரிக்குப் பெயராக இருப்பவர் அவர்தான். 1929 ஜனவரியில் இக்பால் ரயிலேறி மதராஸ் வந்து மூன்று உரைகள் நிகழ்த்தினார். பிறகு ஹைதராபாதிலும் அலிகரிலும் பேசினார். ஆறு உரைகள் 1930இல் நூலாயின. 1934இல் வந்த ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பில் ஏழாவது சேர்ந்தது.

நான் செய்த தவறைச் செய்யாதீர்கள். முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் போனேன். இரண்டாம் உரையில் பெர்க்சனும் ஐன்ஸ்டீனும் காலத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும் புத்தகத்தை மூடிவைத்தவன், ஒரு வருடம் தொடவில்லை. கவிதைகளுக்குச் சொன்ன வரிசை இங்கே உதவாது. ஐந்தாவது உரையில் தொடங்குங்கள். அது கங்கோஹ் என்ற ஊரின் சூஃபி அப்துல் குத்தூஸின் ஒரு வாக்கோடு ஆரம்பிக்கிறது: நபிகள் உச்ச வானம் வரை போய்த் திரும்பி வந்தார், நான் அங்கே போயிருந்தால் திரும்பியே வந்திருக்க மாட்டேன். அனுபூதி பெற்றவர் அங்கேயே தங்கிவிடப் பார்க்கிறார், நபி உலகத்தை மாற்றத் திரும்பி வருகிறார் என்று இக்பால் இதிலிருந்து பிரித்துக் காட்டுகிறார். அவர் எதற்கு 'குதி'யை அவ்வளவு பிடித்துக்கொண்டார் என்பது இந்த ஒரு இடத்தில் விளங்கிவிடும்.

அடுத்து ஆறாவது, இஜ்திஹாத் பற்றியது, அதாவது மார்க்கச் சட்டத்தில் சுயமாக ஆய்ந்து முடிவெடுப்பது பற்றியது. பழைய சட்ட அறிஞர்களின் முடிவுகளே இறுதியானவை அல்ல, ஒவ்வொரு தலைமுறையும் தன் சிக்கலைத் தானே தீர்க்க உரிமை உண்டு என்கிறார். ஈரானியச் சிந்தனையாளர் அலி ஷரீஅத்திபோல இக்பாலிடமிருந்து பாடம் எடுத்தவர்களைப் புரிந்துகொள்ள இது உதவும். அதன் பிறகு நான்காவது, நேரம் இருந்தால் மற்றவை.

9. அலகாபாத் உரையைப் படித்துவிட்டுப் பேசுங்கள்

1930 டிசம்பர் 29, முஸ்லிம் லீக் மாநாட்டுத் தலைமையுரை. பஞ்சாப், வடமேற்கு எல்லைப்புற மாகாணம், சிந்து, பலுசிஸ்தான் நான்கும் ஒரே அரசாக இணைவதைப் பார்க்க விரும்புகிறேன், அது பிரிட்டிஷ் பேரரசுக்குள் இருந்தாலும் வெளியே இருந்தாலும் சரி என்றார். வங்காளம் அந்தப் பட்டியலில் இல்லை. 'பாகிஸ்தான்' என்ற பெயரும் இல்லை. அதை சௌத்ரி ரஹ்மத் அலி துண்டறிக்கையில் அச்சிட்டது 1933இல். அதே சமயம், பிரிவினைக்கும் இக்பாலுக்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்வதும் செல்லாது. 1936–37இல் ஜின்னாவுக்கு எழுதிய கடிதங்களில் தனி முஸ்லிம் அரசுகள் பற்றி இன்னும் வெளிப்படையாகவே பேசுகிறார். உரை நீளமானது, இரண்டு மணி நேரம் பிடிக்கும்.

10. கடைசியில் 'ஜாவீத் நாமா'

பாரசீகக் காவியம், மகன் பெயரில். பாரசீக சூஃபிக் கவிஞர் ரூமி வழிகாட்ட, 'ஸிந்தா ரூத்' (உயிருள்ள ஆறு) என்ற பெயரில் இக்பால் கோள் கோளாகப் பயணம் போகிறார். நிலவில் ஒரு குகையில் 'ஜஹான் தோஸ்த்' என்ற பெயரில் விசுவாமித்திரரைச் சந்திக்கிறார். கோள்களைத் தாண்டியதும் ஜெர்மன் தத்துவஞானி நீட்சே. சொர்க்கத்தில் சமஸ்கிருதக் கவி பர்த்ருஹரி, திப்பு சுல்தான்.

திப்புவின் பகுதிக்கு வரும்போது தாளில் எழுதிய 1929ஐ எடுத்துப் பாருங்கள். மதராஸ் உரைகளை முடித்துக்கொண்டு இக்பால் மைசூர் பக்கம் போனார். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் கல்லறைக்குச் சென்றார். மூன்று வருடம் கழித்து வந்த காவியத்தில், சொர்க்கத்தில் இருக்கும் திப்பு அவரிடம் தன் ஊரைப் பற்றி விசாரிக்கிறார். தக்காணத்தில் கண்ணீர் விதை தூவிவிட்டு வந்தேன், ஓயாமல் பயணிக்கும் காவிரியின் உயிரில் புதியதொரு கொந்தளிப்பைக் கண்டேன் என்கிறார் இக்பால். உடனே திப்பு அவர் கையில் அந்த ஆற்றுக்கு ஒரு செய்தி கொடுத்தனுப்புகிறார். அது இப்படித் தொடங்குகிறது:

ரூத்-எ-காவேரி, யகீ நர்மக் கிராம்
கஸ்தயீ ஷாயத் கெ அஸ் ஸைர்-எ-தவாம்

காவிரி ஆறே, கொஞ்சம் மெல்ல நட. ஓயாத பயணத்தில் களைத்திருப்பாய் போலிருக்கிறதே.